குட்டையோர வகுப்பும் ஸ்டெல்லா மிஸ்ஸும்

இந்த மாதிரிக் கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு பெறவில்லை, வேலையை விட்டேன். இரண்டும் ஒன்றா என்று எனக்கே தெரியவில்லை. மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது அந்த போன் வராமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்கவும் மாட்டேன்.

"அக்கா, நான் பவித்ரா பேசறேன். நீங்க இருந்த எடத்துல இப்ப நான்தான் சயின்ஸ் எடுக்கறேன்."

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்துதான் அழைப்பு. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், கண்ணில் படுவதை வரைந்தும் எழுதியும் பழக்கும் வகுப்பு ஒன்றை அங்கே தொடங்கினோம். இயற்கைக் குறிப்பேட்டு வகுப்பு என்று பெயர். ஏழாம் வகுப்புக்கு மட்டும் இருந்த அதை, இப்போது ஆறிலிருந்து எட்டு வரை விரிவாக்கப் போகிறார்களாம்.

"நானும் ஸ்டெல்லா மிஸ்ஸும் சேர்ந்து எடுக்கணும்னு மேடம் சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியலக்கா. ஸ்டெல்லா மிஸ்தான் உங்களக் கேக்கச் சொன்னாங்க."

"ரெண்டு பேருமா?" என்றேன்.

"ஆமாக்கா. ரெண்டு டீச்சர் இருந்தாத்தான் சரியா வரும்னு மேடமே சொன்னாங்க."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். நாள் முழுக்க அந்த 'ரெண்டு பேர்' நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து வரவேண்டும்.

தாவரவியல் படித்தேன், பிறகு பி.எட். பயிற்சிக் காலத்தில் நான் வரைந்த சார்ட்டுகளை ஒட்டினால் ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி ஆகும். செம்பருத்தியின் குறுக்குவெட்டை எத்தனை முறை வரைந்தேனோ தெரியாது. ஒரு செம்பருத்தியைக் கையில் வாங்கிப் பிரித்ததில்லை. அப்படியே தேர்வாகி, அப்படியே வேலைக்கும் வந்தேன்.

எங்கள் பள்ளி நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவில் இருந்தது. பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் பக்கத்துக் கிராமங்களில் நெல் போடுகிறவர்கள். பள்ளிக்குப் பின்பக்கம் காம்பவுண்டைத் தாண்டினால் ஒரு குட்டை. சுற்றிலும் சீமைக்கருவேலம், கொஞ்சம் எருக்கு, ஓரத்தில் கோரைப்புல். தினமும் வகுப்பு ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே கரும்பலகையில் குளத்தின் உணவுச் சங்கிலியை வரைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் எனக்கே வெட்கமாகிவிட்டது. மேடத்திடம் போய் நின்றேன்.

தலைமை ஆசிரியையை நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "சொல்லுங்க" என்பார். சொல்லி முடித்ததும் பதில் பேசாமல் சுவரில் இருக்கும் கால அட்டவணையைப் பார்ப்பார். அந்த மௌனத்தில் நாமாகவே இன்னும் நாலு வார்த்தை உளறுவோம். அதில்தான் அவருக்கு வேண்டியது இருக்கும். உத்தரவுகளைத் தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பார். பள்ளியில் எல்லோரிடமும் அந்தச் சின்னத் தாள்கள் ஒரு கத்தை இருக்கும்.

அன்று அந்த மௌனத்தில் நான் உளறியது, "எனக்கு நல்லா வரைய வராது மேடம்" என்பது.

காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை, ஏழாம் வகுப்பு, அறிவியல் பாடவேளையும் ஓவியப் பாடவேளையும் சேர்த்து, குட்டையோரம். ஓவிய ஆசிரியை ஸ்டெல்லா உடன் செல்ல வேண்டும். வெளியே போகும்போது ஒருமுறை, உள்ளே வரும்போது ஒருமுறை பிள்ளைகளை எண்ண வேண்டும். தொப்பி இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

முதல் வியாழக்கிழமை பிள்ளைகளைக் கரையில் உட்காரவைத்து, "கண்ணுக்கு என்ன தெரியுதோ அத வரைங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றிப் பார்த்தால், எல்லா நோட்டிலும் இரண்டு மலை. நடுவில் சூரியன். மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஓர் ஓட்டு வீடு, ஒரு தென்னை மரம். எங்கள் பக்கத்தில் மலையும் இல்லை, அந்த இடத்திலிருந்து பார்த்தால் தென்னையும் இல்லை. எதிரே தெரிந்தது குட்டையும் கம்பெனிப் புகைபோக்கிகளும்தான்.

மேடம் வந்து பார்த்தால் என்ன சொல்வது? ஸ்டெல்லா மிஸ் ஒரு பையன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மலை எங்கடா கீது? காட்டு, நானும் பாக்கறேன்."

"சீனரின்னா மலை வரணும் மிஸ்" என்றான் அவன், ஓவிய ஆசிரியைக்கே தெரியவில்லையே என்கிற பரிதாபத்தோடு.

"அப்ப அந்த புகைக்கூண்டு இன்னா பாவம் பண்ணுச்சு? தெனம் உனுக்குத்தானே நிக்குது, அத்தப் போடுறா."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு ரப்பர் வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தது. மலைகள் அழிந்தன.

அடுத்த வாரத்துக்கு நான் ஒரு முறை வகுத்தேன். பக்கத்தின் மேலே இடம், தேதி, நேரம், வானம் எப்படி இருக்கிறது. காற்றின் திசை தெரிய, எதிரே இருக்கும் புகைபோக்கியைப் பார்த்தால் போதும், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதினால் ஆயிற்று. அதற்குக் கீழே மூன்று தலைப்பு: பார்த்தது, கேட்க நினைத்தது, ஞாபகத்துக்கு வந்தது. வரைவதும் எழுதுவதும் ஒரே பக்கத்தில், எது முதலில் வந்தாலும் சரி. ஒரே செடியை நாலு வாரம் பார்க்க வேண்டும். அளவு தெரிய வேண்டுமானால் பக்கத்தில் தன் கட்டைவிரலையும் வரைந்துவிட வேண்டும். இதெல்லாம் நான் யோசித்தவை. இதைச் சொல்லிவைத்துக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

ஆனால் பிள்ளைகள் ஓடியது ஸ்டெல்லா மிஸ்ஸிடம். நான் விசிலும் குடையுமாக நிற்பேன், எண்ணிக்கொண்டே இருப்பேன். அவர் புல்லில் சம்மணம் போட்டிருப்பார். புடவையில் சேறு பட்டாலும் கவலைப்படமாட்டார். பிள்ளைகள் என்னிடம் நோட்டை நீட்டி, "சரியா மிஸ்?" என்பார்கள். அவரிடம் நீட்டி, "மிஸ், இதப் பாருங்க மிஸ்" என்பார்கள். அந்த வித்தியாசம் எனக்கு ராத்திரிச் சாப்பாட்டில்கூட ஞாபகம் வரும். நான் என்ன தப்பு செய்கிறேன் என்று யோசிப்பேன். நானும் ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். "மிஸ், எறும்பு மிஸ்" என்று எனக்காகப் பயந்தார்கள். எழுந்து நின்றுகொண்டேன்.

அந்த வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பெண் மோனிஷா. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். வெளியே கூட்டி வந்தால் மட்டும் அவள் முகம் மாறிவிடும். எல்லோரும் எருக்கம்பூவை வரையும்போது அவள் பாடப்புத்தகத்துச் செம்பருத்தியைப் பாகம் குறித்து வரைவாள். "இது இங்க இல்லையேம்மா" என்றால் கண் நிறைந்துவிடும். எது சரியான விடை என்று தெரியாத இடத்தில் உட்காரவைத்துவிட்டோம் அவளை. புதன்கிழமை இரவே வயிற்று வலி வர ஆரம்பித்தது.

அவள் அம்மா கம்பெனி பேக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர். ஷிப்ட் முடிந்து கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வந்தார்.

"மிஸ்ஸு, படிக்கத்தானே அனுப்பறேன்? நீங்க மண்ணுல குந்த வெச்சிக்கினு கீறீங்க. இது இன்னா பாடம்?"

"சயின்ஸ்தாங்க. பார்த்துக் கத்துக்கறது…"

"பாத்துக் கத்துக்கணும்னா ஊட்டாண்டயே குட்டை கீது, நானே காட்டுவேன். பீஸு எதுக்குக் கட்டறேன்? பொண்ணு நைட்டெல்லாம் அழுவுது. இப்பிடியே போனா டிசி குடுத்துடுங்க, வேற ஸ்கூல் பாத்துக்கறேன்."

மேடம் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். முழுக்கக் கேட்டார். அவர் போனபின் கால அட்டவணையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "தீபாவளி லீவு வரைக்கும் பாருங்க. அந்தப் பொண்ணு அப்பவும் அழுதா வகுப்ப நிறுத்திடலாம். முதல் ரேங்க் பொண்ணு டிசி வாங்கினா, பின்னாலயே பத்துப் பேர் வருவாங்க."

"சரி மேடம்" என்றேன். நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன்.

மோனிஷாவை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நானும் அந்த ரகம்தான். தப்பில்லாத வேலை கொடுத்தால் சரியாகிவிடுவாள் என்று, ஸ்கேலும் வெப்பமானியும் கொடுத்தேன். இலையின் நீளம், தண்ணீரின் சூடு, நிழலின் நீளம் எல்லாம் அளந்தாள். பக்கம் முழுக்க எண்கள். "சரியா மிஸ்?" என்றாள். சரி என்றேன். அடுத்த புதன் இரவு மறுபடி வயிற்று வலி.

அதற்கடுத்த வாரம் ஸ்டெல்லா மிஸ் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தன் நோட்டைத் திறந்து, பார்வையைக் கோரைப்புல்லிலேயே வைத்து, தாளைப் பார்க்காமல் பென்சிலை ஓட்டினார். முடித்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தார். புல் ஒருபக்கம், பூ ஒருபக்கம், தண்டு தாளைத் தாண்டி முழங்காலில் ஏறியிருந்தது.

"ஐய, கோரப்புல்லு வரைஞ்சா கோழிக்கால் ஆயிடுச்சு. பாரேன் மோனி."

மோனிஷா சிரித்துவிட்டாள். வகுப்பில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நீ ஒண்ணு போடு. என்னுதவிட கேவலமா இருக்கணும், இன்னா?"

அவள் போட்டாள். நிஜமாகவே கேவலமாக இருந்தது. ஆனால் அந்தக் கோணல் கோட்டில் கோரையின் முக்கோணத் தண்டு இருந்தது, நுனியில் வளைவு இருந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாதவை எல்லாம் இருந்தன. என்னால் வாரக்கணக்கில் முடியாததை ஸ்டெல்லா மிஸ் அரட்டையடித்துக்கொண்டே செய்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. எனக்குக் காது சூடானது. பிள்ளைகளை இன்னொரு முறை எண்ணப் போய்விட்டேன்.

மழைக்கு முந்தைய நாட்கள் அவை. எங்கே பார்த்தாலும் தட்டான்கள். ஒரு வியாழக்கிழமை வகுப்பு முடிந்து திரும்பும்போது மோனிஷா வரிசையிலிருந்து விலகிவிட்டாள். தாளாளரின் கறுப்புக் கார் முற்றத்தில் நின்றிருந்தது. அதன் பானட்டின் மேல் ஒரு தட்டான் தாழப் பறந்து, வால் நுனியால் தொட்டுத் தொட்டு எழுந்தது. கார் ஓட்டுநர் துணியால் விரட்டப் பார்த்தார்.

"விரட்டாதீங்கண்ணா" என்றாள். அவள் யாரையும் தடுத்து நான் கேட்டதே இல்லை.

"பாப்பா, இது ஐயா வண்டி. பூச்சி ஆய் போனா என்னத்தான் திட்டுவாரு."

அங்கேயே நின்றபடி வரைந்தாள். கோணல் கார், கோணல் தட்டான். 'கேட்க நினைத்தது' என்கிற தலைப்பு அதுவரை அவள் நோட்டில் காலியாகவே இருக்கும். அன்று முதல் முறையாக எழுதினாள்: தட்டான் குட்டையில் செய்வதை ஏன் கார் மேல் செய்கிறது?

நோட்டை ஸ்டெல்லா மிஸ்ஸிடம்தான் முதலில் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "எனுக்கு இன்னாடி தெரியும்? சயின்ஸ் மிஸ்ஸக் கேளு" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கும் தெரியாது. வெயில் காய்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி வாய் வரைக்கும் வந்தது.

"தெரியலம்மா. ஆனா கண்டுபிடிக்கலாம்" என்றேன்.

அன்றிரவு தூக்கமே இல்லை, ஆனால் பயத்தால் இல்லை. குட்டையில் அது செய்வது முட்டையிடுவது. அப்படியானால் காரைத் தண்ணீர் என்று நினைக்கிறது. தண்ணீருக்கும் காருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? பளபளப்பா, கருமையா, குளிர்ச்சியா? அடுத்த வியாழக்கிழமை குட்டையிலிருந்து சற்றுத் தள்ளி, வெட்டவெளியில் நாலு பொருள் வைத்தோம். ஒரு கறுப்பு பிளாஸ்டிக் ஷீட், அதே அளவில் ஒரு வெள்ளை ஷீட், பளபளப்பில்லாத ஒரு கறுப்பு அட்டை, அகலமான தாம்பாளத்தில் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. தள்ளி உட்கார்ந்து, தட்டான் வாலால் தொட்டால் ஒரு கோடு போட வேண்டும். சத்தம் கூடாது.

முதலில் எதுவும் வரவில்லை. ஒரு பையன் கொட்டாவி விட்டான். பிறகு ஒன்று வந்து தாம்பாளத்தைச் சுற்றியது. தொட்டது. இன்னொன்று வந்தது. அது கறுப்பு ஷீட்டுக்கு மேலே நின்று, மளமளவென்று தொட்டது. கறுப்பு ஷீட் குழு வாயைப் பொத்திக்கொண்டு குதித்தது. வெள்ளை ஷீட்டுக்கும் அட்டைக்கும் ஒன்றும் வரவில்லை. வெள்ளை ஷீட் குழு என்னிடம் வந்து, "எங்களுக்கு மட்டும் ஏன் மிஸ் வரல?" என்று சண்டை போட்டது.

"வராததும் பதில்தான், எழுதுங்க" என்றேன்.

மோனிஷா யோசித்துச் சொன்னாள்: "கறுப்பு மட்டும் போதாது மிஸ், அட்டைக்கு வரல. பளபளப்பு மட்டும் போதாது, வெள்ளைக்கு வரல. ரெண்டும் சேரணும்."

"சரியா மிஸ்?" என்று அவள் கேட்கவில்லை. தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியைப் போலவே கறுப்புப் பளபளப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் தட்டானுக்குத் தெரிகிறது என்று நான் பிறகு படித்து வந்து சொன்னேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை அவள். தான் கண்டதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது போலத் தலையாட்டினாள்.

ஸ்டெல்லா மிஸ் கூட்டத்தில் நின்று பிள்ளைகளோடு கைதட்டினார். "இன்னா மிஸ், பின்னிட்டீங்க" என்றார். அவர் முகத்தில் தேடிப் பார்த்தேன், என்னிடம் இருப்பதில் ஒரு துளியாவது இருக்குமா என்று. இல்லவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

தீபாவளி விடுமுறைக்கு முன்னால் மோனிஷாவின் அம்மா மறுபடி வந்தார். டிசிக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

"எங்க ஊட்டுக்காரரு பைக்கு மூடுற கறுப்புக் கவர இவ மாடில விரிச்சிட்டு, பக்கத்துல குந்திக்கினு கீறா மிஸ்ஸு. பைக்கு மழையில நனையுது. கேட்டா உஸ்ஸுன்றா."

"டிசி…" என்று இழுத்தேன்.

"இன்னா டிசி? புள்ள இப்பத்தான் வாயத் தொறந்து பேசுது. தோ பாருங்க, மார்க்கு மட்டும் கொறையக் கூடாது. சொல்லிட்டேன்."

வகுப்பு பிழைத்தது. மறுநாள் மேடம் கூப்பிட்டு ஒரு காலண்டர் தாளை நீட்டினார். வகுப்பு தொடரும், இரண்டு ஆசிரியைகளை ஒரே நேரத்தில் ஒரு வகுப்புக்கு ஒதுக்க முடியாது, ஸ்டெல்லா மட்டும் செல்வார் என்று இருந்தது.

"உங்களுக்கு இது அஞ்சாவது மாசம். வெயில்ல நிக்க வேண்டாம்மா. அதுவுமில்லாம பத்தாம் வகுப்புக்குப் போர்ஷன் முடிக்கணும்."

நியாயமான காரணங்கள். வயிற்றில் குழந்தை, வீட்டிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். என் உடம்பைப் பற்றி எனக்கும் பயம்தான். மேடம் கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதாவது உளறுவேனென்று. அந்த ஒருமுறை நான் உளறவில்லை.

"சரி மேடம்" என்றேன்.

ஆய்வகம் மாடியில் இருந்தது. வியாழக்கிழமைகளில் பத்தாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் நடத்திக்கொண்டே கீழே பார்ப்பேன். தொப்பிகள் மட்டும் தெரியும். தொப்பிகளுக்கு நடுவில் ஒரு புடவை. வகுப்பு முடிந்ததும் ஸ்டெல்லா மிஸ் நோட்டுகளை அள்ளிக்கொண்டு மூச்சுவாங்க மாடியேறி வருவார், எனக்குக் காட்ட. "இதுக்கு இன்னா மிஸ் பதிலு? இது இன்னா பூச்சி?" என்பார். நான் பதில் சொல்வேன். அவர் வராமல் இருந்திருந்தால் அவரை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

மகள் பிறந்தாள். கணவர் வேலைக்குத் தோதாக வேப்பம்பட்டுக்கு வீடு மாறினோம். இங்கிருந்து கும்மிடிப்பூண்டி போக ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வண்டி மாற வேண்டும். கைக்குழந்தையோடு முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினார்களா என்று சில நாள் யோசித்துப் பார்ப்பேன். இல்லை.

இப்போது இரண்டு பேர் வேண்டும் என்று மேடமே சொல்கிறார். இரண்டாவது ஆள் பவித்ரா.

இரண்டு நாள் கழித்து அவளைக் கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன். தொப்பி, விசில், புகையைப் பார்த்துக் காற்று, மூன்று தலைப்பு, கட்டைவிரல். சிவப்பு மையால் நோட்டில் டிக் போடாதே, அப்புறம் டிக்குக்காக வரைவார்கள் என்றும் சொன்னேன். சின்னப் பெண், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, அந்தத் தட்டான் சோதனை? ஸ்டெல்லா மிஸ் அதப் பத்திப் பேசாத நாளே இல்ல. எப்படிச் செய்யணும்?"

"அது போன்ல சொல்ல வராது பவித்ரா. கூட நின்னு காட்டணும்."

பாதிப் பொய். இதே கட்டுரையில் நாலு வரியில் சொல்லிவிட்டேன். பவித்ரா படிக்கும்போது சிரித்துக்கொள்ளட்டும்.

"அப்ப வாங்களேன் அக்கா. ஆனா மேடம்கிட்ட…"

"நானே கேக்கறேன்."

மகள் தூங்கும்வரை காத்திருந்தேன். தூங்கிய பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஒத்துக்கொள்ளுமா, ரயிலில் அழுவாளா, யார் என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகு அழைத்தேன்.

"சொல்லுங்க" என்றார் மேடம்.

"அந்த வியாழக்கிழமை வகுப்பு எனக்கு வேணும் மேடம். வாரம் ஒருநாள். சம்பளம் எப்படின்னாலும் பரவாயில்ல. குழந்தையக் கூட்டிட்டு வருவேன்."

அந்தப் பக்கம் மௌனம். சுவரைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் உளறாமல் இருந்தேன்.

"இப்ப அது ஸ்டெல்லாவோட வகுப்பும்மா" என்றார் கடைசியில். "பிள்ளைங்களுக்கு அவங்களத்தான் தெரியும். வாங்க, வேண்டாம்னு சொல்லல. பவித்ராவுக்கும் உதவியா இருக்கும். ஆனா அவங்க முன்னாடி நடத்துவாங்க. நீங்க பின்னாடி நின்னு பாத்துக்கணும். சரியா?"

அவர் எதிர்பார்த்த இரண்டு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

"பின்னாடி வேண்டாம் மேடம்" என்றேன். "பக்கத்துல நிக்கறேன்."